விண்டோஸும் உபுண்டுவும் ஒரே டிஸ்க்கில்: பார்ட்டிஷனைப் பாதுகாப்பாகக் கூட்டுவதும் குறைப்பதும்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் பலரின் லெப்டொப்பில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளிலும் லினக்ஸ் ஏறத் தொடங்கியிருக்கிறது. போடுகிற நேரத்தில் "முப்பது ஜிபி காணும்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ, அதன் எமுலேட்டர், இரண்டு மூன்று டொக்கர் இமேஜ் வந்தவுடன் முப்பதும் நிரம்பிவிடும். அதே டிஸ்க்கில் விண்டோஸ் பக்கம் நூறு ஜிபி சும்மா கிடக்கும். அதில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

எடுக்கலாம். ஆனால் எந்த மென்பொருளில் எடுப்பது என்பதைவிட, பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியின், எந்த முனையை அசைக்கப்போகிறோம் என்பதே முக்கியம். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் டிஸ்க்கில் ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. தொடக்கத்தைத் தலை என்றும் முடிவை வால் என்றும் வைத்துக்கொள்வோம். வாலை அசைப்பது சிறிய வேலை, ஆபத்தும் குறைவு. தலையை அசைப்பது பெரிய வேலை. பாதியில் கரண்ட் போனால் உள்ளே இருந்தது போய்விடும். மின்வெட்டும் இடியும் மழையும் பழகிப்போன மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இந்த வேறுபாடு வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. எந்தத் தலையையும் அசைக்காமல் திட்டம் போட வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும்.

தலை அசைந்தால் என்ன நடக்கிறது

பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதியிருப்பது எந்த செக்டரில் (டிஸ்க்கின் எண்ணிட்ட சிறு துண்டு) தொடங்குகிறது, எதில் முடிகிறது என்ற எண்கள். அந்த எல்லைக்குள் கோப்புகளை அடுக்கி வைத்திருப்பது ஃபைல் சிஸ்டம். விண்டோஸில் அது என்டிஎஃப்எஸ், உபுண்டுவில் வழக்கமாக எக்ஸ்ட்4. இரண்டும் வேறு வேறு. அளவை மாற்றும்போது இரண்டையும் சரியான வரிசையில் மாற்ற வேண்டும். குறைக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன். கூட்டும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு ஃபைல் சிஸ்டம். வரிசை மாறினால் ஃபைல் சிஸ்டத்தின் வால் பார்ட்டிஷனுக்கு வெளியே நிற்கும். அப்போது லினக்ஸ், ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பதிவான சூப்பர்பிளாக் சொல்லும் அளவும் டிஸ்க்கின் அளவும் பொருந்தவில்லை என்று சொல்லி மவுண்ட் செய்ய (திறந்து இணைக்க) மறுக்கும். லினக்ஸின் பார்ட்டிஷன் மென்பொருளான ஜிபார்ட்டெட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டும் இந்த வரிசையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். எஃப்டிஸ்க் கட்டளையில் கையால் எண்ணைப் போடுகிறவர்களும் எல்விஎம் (இடத்தை வொல்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் முறை) வைத்திருப்பவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். எல்விஎம்மில் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லும் விருப்பம் கட்டளையிலேயே உண்டு. அதைப் போடாமல் வொல்யூமை மட்டும் குறைத்தால் வாலில் இருந்த தரவு வெட்டுப்படும்.

வாலை வலப்பக்கம் நீட்டும்போது ஏற்கெனவே இருக்கும் கோப்பு எதுவும் இடம் மாறாது. அட்டவணையில் ஓர் எண் மாறும், ஃபைல் சிஸ்டம் தன் கணக்கைப் புதுப்பிக்கும், சில விநாடிகளில் முடிந்துவிடும். வாலை உள்ளே இழுத்தால், வெட்டப்போகும் பகுதியில் இருக்கிற கோப்புகள் மட்டும் முன்னுக்கு நகரும்.

தலை அப்படியல்ல. ஃபைல் சிஸ்டத்தில் எல்லா முகவரிகளும் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுபவை. தலை 40 ஜிபி இடப்பக்கம் போனால் உள்ளே இருக்கும் தரவு முழுவதும் 40 ஜிபி இடப்பக்கம் போயாக வேண்டும். பழைய இடமும் புதிய இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால், நகர்த்த நகர்த்த மூலப்பிரதியே மேலெழுதப்பட்டு அழிகிறது. பாதியில் கரண்ட் போனால் முன்பாதி புதிய இடத்தில், பின்பாதி பழைய இடத்தில். எந்த செக்டரில் நின்றது என்ற பதிவு டிஸ்க்கில் எங்கும் இல்லை. இப்படி நின்ற டிஸ்க்கிலிருந்து சில கோப்புகளைத் துண்டு துண்டாகப் பொறுக்கலாமே தவிர, பார்ட்டிஷனை முழுதாக மீட்பது மிகக் கடினம்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே டிஸ்க்கிலிருந்து படித்து அதே டிஸ்க்கில் எழுதும்போது விநாடிக்கு 40 எம்பி அளவுதான் எதிர்பார்க்கலாம். 400 ஜிபி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை நகர்த்தினால் 10,000 விநாடி, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலம். என்டிஎஃப்எஸ்ஸை நகர்த்தும்போது ஜிபார்ட்டெட் காலி இடத்தையும் சேர்த்தே பிரதி செய்கிறது. அதனால் உள்ளே பாதி வெறுமை என்றாலும் நேரம் குறையாது. எக்ஸ்ட்4இல் பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் நகர்த்தும்.

நம் டிஸ்க்குகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன

256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லெப்டொப்பை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் அதை 238 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. இடமிருந்து வலமாக முதலில் கணினியைக் கிளப்பும் 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரியாத 16 எம்பி மைக்ரோசொஃப்ட் ரிசர்வ்ட், அடுத்து சி ட்ரைவ், கடைசியில் சில நூறு எம்பியில் விண்டோஸை மீட்பதற்கான ரிக்கவரி. உபுண்டு போடுவதற்காக சி ட்ரைவைக் குறைத்திருப்பார்கள். அப்போது கிடைத்த காலி இடம் சிக்கும் ரிக்கவரிக்கும் நடுவில்தான் விழும், உபுண்டுவும் அங்கேதான் குடியேறியிருக்கும். ஆக வரிசை சி, உபுண்டு, ரிக்கவரி என்று நிற்கும்.

இப்போது உபுண்டுவைப் பெருப்பிக்க வேண்டும். சி ட்ரைவின் வாலைக் குறைத்தால் காலி இடம் உபுண்டுவின் இடப்பக்கம் வரும், அதாவது தலைப்பக்கம். அதை உபுண்டுவோடு சேர்க்க வேண்டுமானால் உபுண்டுவின் தலையை அசைக்க வேண்டும். இணையத்தில் இருக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் ஜிபார்ட்டெட்டில் இடது முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு இழுவையில்தான் முழு ஆபத்தும் இருக்கிறது.

எங்கள் ஆலோசனை அதுவல்ல. அந்தக் காலி இடத்தில் புதிதாக ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை உருவாக்கி, அதை உபுண்டுவில் உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறை ஆக்குங்கள். சி ட்ரைவின் வால் மட்டும் அசையும், உபுண்டு பார்ட்டிஷனில் ஒரு செக்டரும் நகராது. எந்த நிமிடத்தில் கரண்ட் போனாலும் பழைய ஹோம் பழைய இடத்திலேயே இருக்கும்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். இடத்தைப் பிடித்திருப்பது உண்மையில் ஹோம்தானா? ஆண்ட்ராய்ட் எஸ்டிகே, எமுலேட்டர், கிரேடில் சேமிப்பு எல்லாம் ஹோமில்தான் இருக்கும். டொக்கர் இமேஜ்கள் ஹோமுக்கு வெளியே வார் (/var) என்ற சிஸ்டம் கோப்புறைக்குள் இருக்கும், ஹோமை மாற்றி அதற்குப் பயனில்லை. உபுண்டுவில் வரும் டிஸ்க் யூசேஜ் அனலைசரைத் திறந்தால் எது எவ்வளவு என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். பழைய சிஸ்டம் பதிவுகளையும் ஸ்னாப்பின் பழைய பதிப்புகளையும் துப்புரவு செய்தாலே சில ஜிபி மிஞ்சி, பார்ட்டிஷனைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போவதும் உண்டு.

தொடங்குவதற்கு முன்

முதல் வேலை காப்புப் பிரதி. வெளி ஹார்ட் டிஸ்க்கில் படங்கள், பாடக்குறிப்புகள், புரொஜெக்ட்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவற்றில் இரண்டு மூன்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இடம் தாராளமாக இருந்தால் க்ளோன்ஸில்லாவால் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக எடுப்பது மிகச் சிறந்தது. கூடவே பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் ஒரு சிறிய எழுத்துக் கோப்பாக எடுத்துப் பென் ட்ரைவில் போடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைக் கைபேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதும் குழம்பினால் எது எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாவது டிஸ்க்கின் உடல்நிலை. விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல். ஹார்ட் டிஸ்க் என்றால் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பைப் பாருங்கள். 5 என்பது ஏற்கெனவே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 திருத்த முடியாதவை. 197இல் பூச்சியத்துக்கு மேல் எதுவும் இருந்தால் அளவு மாற்றும் வேலையை விட்டுவிட்டு முதலில் தரவை எடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான செக்டர்களைப் படித்து எழுதுவது அதன் ஆயுளை முடித்துவிடும். 199ஆம் எண் வேறு கதை. அது கேபிளிலும் இணைப்பிலும் வரும் பிழைகளின் எண்ணிக்கை. கல்லடி, கல்முனை, நிந்தவூர் போன்ற கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்று டெஸ்க்டொப்பின் இணைப்பு முனைகளை அரிக்கக்கூடும். 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாமல் சாட்டா கேபிளை மாற்றிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

மூன்றாவது மின்சாரம். லெப்டொப் என்றால் சார்ஜரையும் மாட்டுங்கள், பேட்டரியையும் சோதியுங்கள். விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் வடிவமைத்த கொள்ளளவும் இப்போது முழுதாக நிரம்பும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். இரண்டாவது முதலாவதின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் அந்த பேட்டரியை நம்பி நீண்ட வேலை தொடங்கக்கூடாது. டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் அவசியம். ஆனால் கடைகளில் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கி, கணினியை ஒழுங்காக மூட உதவுவதற்கு மட்டுமே. வாலை நீட்டும் வேலைக்கு அது காணும், மூன்று மணித்தியாலத் தலை நகர்த்தலுக்குக் காணாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனதுபோல முன்னறிவித்தல் இல்லாமலும் போகும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வருகிற இடைப்பருவ மழைக்கு இடி முழக்கம் பிற்பகலில்தான் கூடுதல். அந்த மாதங்களில் இந்த வேலையைக் காலையில் தொடங்குங்கள்.

நான்காவது பிட்லொக்கர், அதாவது டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 வந்த லெப்டொப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில், உரிமையாளருக்கே தெரியாமல் இது இயங்கிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயை மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் அடுத்த அடி. பழைய லெப்டொப்பைக் கைமாறி வாங்கியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கீ முந்தைய உரிமையாளரின் கணக்கில் இருக்கக்கூடும். பிட்லொக்கர் பூட்டிய பார்ட்டிஷனை விண்டோஸால் குறைக்க முடியும், ஜிபார்ட்டெட்டால் முடியாது. பயோஸில் செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றும்போதும் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம். சந்தேகமாக இருந்தால் என்கிரிப்ஷனை நிறுத்தி, முழுதாகக் கழன்று முடியும்வரை காத்திருப்பது நிம்மதி.

ஐந்தாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் மையப்பகுதியான கேர்னலை டிஸ்க்கில் உறங்கவைத்து, சி ட்ரைவை இன்னும் தன் கையில் இருப்பதாகவே குறித்துவைக்கிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து அதன் அளவை மாற்றினால், அடுத்த முறை எழும் விண்டோஸ் தன் நினைவில் இருந்த பழைய கணக்கை டிஸ்க்கில் எழுதிவிடும். அதனால்தான் லினக்ஸ் கருவிகள் இப்படிப்பட்ட ட்ரைவைத் தொட மறுக்கின்றன. மறுக்கிறதே என்று வற்புறுத்தும் விருப்பத்தைப் போட்டு ஓட்டவே கூடாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய் இதை நிறுத்துங்கள். ஒரேயொரு தடவைக்கென்றால் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தாலே விண்டோஸ் முழுதாக மூடும்.

விண்டோஸ் ஏன் இடம் தர மறுக்கிறது

என்டிஎஃப்எஸ்ஸை விண்டோஸ் குறைக்கட்டும், எக்ஸ்ட்4ஐ லினக்ஸ் குறைக்கட்டும். இது நல்ல விதி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி ட்ரைவை வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் வொல்யூம் கொடுத்தால், எத்தனை எம்பி குறைக்க வேண்டும் என்று கேட்கும். 40 ஜிபிக்கு 40960 என்று போட வேண்டும். புதிய அளவு எவ்வளவு என்று அது கேட்கவில்லை, எவ்வளவு வெட்ட வேண்டும் என்றே கேட்கிறது. இதை மாற்றி விளங்கிக்கொண்டு எண் போடுகிறவர்கள் நிறைய.

"தம்பி, எண்பது ஜிபிக்கு மேல சும்மா கிடக்கு, பன்னிரண்டுதான் தருது" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு. காரணம், வாலுக்குக் கிட்ட எங்கோ நகர்த்த முடியாத ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி விண்டோஸ் வெட்டாது. பெரும்பாலும் அது உறக்கநிலைக் கோப்பு, ரேமுக்குத் துணையான பேஜ் ஃபைல், ரிஸ்டோர் பொயின்ட்டுகளின் சேமிப்பு, அல்லது என்டிஎஃப்எஸ்ஸின் முதன்மை அட்டவணைத் துண்டு. எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஷ்ரிங்க் முயற்சிக்குப் பிறகு ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து 259ஆம் எண் நிகழ்வைப் பாருங்கள். கடைசியாக வழிமறித்த கோப்பின் பெயர் அங்கே எழுதியிருக்கும்.

முதல் மூன்றையும் தற்காலிகமாக அகற்றலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் புரொம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேஷனை நிறுத்தினால் உறக்கநிலைக் கோப்பு அழிந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு போகும். சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்தினால் பழைய ரிஸ்டோர் பொயின்ட்டுகள் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். பேஜ் ஃபைலை இல்லை என்று வைத்து ரீஸ்டார்ட் செய்து மீண்டும் குறைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது இல்லாவிட்டால் பிரௌசரே மூச்சுத்திணறும்.

இன்னொரு பொறி. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறை டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்கலாம். நான்கும் நிரம்பிய டிஸ்க்கில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிதாக ஒன்றை உருவாக்கப் போனால், டைனமிக் டிஸ்க்காக மாற்றப்போகிறேன் என்று ஒரு பெட்டி வரும். யெஸ் கொடுக்காதீர்கள். பல பூட் கணினிகளில் அதோடு லினக்ஸ் கிளம்பாமல் போகும், திரும்பி வர எளிய வழியும் இல்லை.

ஹோமைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோதல்

சி ட்ரைவ் குறைந்து காலி இடம் தெரிந்ததும், விண்டோஸை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து ஒழுங்காக எழுகிறதா பாருங்கள். பிறகு உபுண்டு லைவ் பென் ட்ரைவில் பூட் செய்து, இன்ஸ்டோல் செய்யாமல் முயன்று பார்க்கும் விருப்பத்தைத் தெரிவு செய்து ஜிபார்ட்டெட்டைத் திறவுங்கள். லைவில் இருந்து செய்வதன் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் ஹோமைப் பிரதி எடுத்தால் திறந்திருக்கும் கோப்புகள் பாதியில் பிடிபடும்.

காலி இடத்தைத் தெரிவு செய்து எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் உருவாக்குங்கள். சீரமைப்பு எம்ஐபி என்று இருக்கட்டும், அப்போதுதான் எஸ்எஸ்டியின் உள்கட்டமைப்போடு பொருந்தும். ஜிபார்ட்டெட்டில் பச்சை நிறச் சரிக்குறியை அழுத்தும்வரை எதுவும் டிஸ்க்கில் எழுதப்படாது. கீழே காத்திருக்கும் வேலைகளின் பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். மூவ் என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் ஒரு தலை அசையப்போகிறது என்று பொருள். அப்படியானால் பட்டியலை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். ஹோமுக்கு என்டிஎஃப்எஸ்ஸைத் தெரிவு செய்ய வேண்டாம். லினக்ஸின் அனுமதிகளையும் உரிமைகளையும் அது லினக்ஸ் எதிர்பார்க்கிறபடி வைத்திருக்காது.

அடுத்தது பிரதி. பழைய உபுண்டு பார்ட்டிஷனையும் புதியதையும் மவுண்ட் செய்து, கோப்புகளைப் பிரதி செய்யும் ஆர்சிங்க் கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுங்கள். சிறிய ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய ஹெச் என்ற நான்கு விருப்பங்களும் வேண்டும். உரிமை, அனுமதி, நீட்டிப்புப் பண்புகள், ஹார்ட் லிங்க் எல்லாம் அப்படியே வருவதற்கு அவைதான். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட வேண்டும். அந்த ஒரு சாய்கோடு இல்லாவிட்டால் புதிய பார்ட்டிஷனுக்குள் ஹோம் என்று இன்னொரு கோப்புறை உருவாகி, உங்கள் கோப்புகள் அதற்குள் போய்விடும். பூட் ஆனபின் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் லொகின் திரைக்கே திரும்பத் திரும்பத் தள்ளும். பலர் இதைக் கடவுச்சொல் பிரச்சினை என்று நினைத்து உபுண்டுவையே மறுபடி போட்டுவிடுகிறார்கள். கோப்புறையை ஒரு படி மேலே எடுத்தால் போதும்.

பிறகு பழைய பார்ட்டிஷனின் ஈடிசி கோப்புறையில், எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வரிசை இதுதான்: புதிய பார்ட்டிஷனின் யூயூஐடி (அதன் தனி அடையாள எண்), மவுண்ட் ஆகும் இடம் ஹோம், ஃபைல் சிஸ்டம் வகை எக்ஸ்ட்4, டிஃபோல்ட்ஸ், 0, 2. யூயூஐடியைக் கையால் தட்டாமல் பிரதி செய்து ஒட்டுங்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் உபுண்டு ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். பயப்பட வேண்டாம், லைவ் பென் ட்ரைவில் போய் அந்த வரியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

பழைய ஹோம் கோப்புறையைப் பழைய ஹோம் என்று பெயர் மாற்றி, அதே இடத்தில் வெறுமையான ஹோம் கோப்புறை ஒன்றை உருவாக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயர் மாற்றாமல் விட்டால் புதிய பார்ட்டிஷன் அதன் மேல் மவுண்ட் ஆகி, பழைய கோப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே மறைந்து கிடக்கும். ஹோமை மாற்றிய பிறகும் பழைய உபுண்டு பார்ட்டிஷனில் இடம் கூடவில்லையே என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். ஒரு கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியதென்றால் பழையதை அழியுங்கள். புதிய பார்ட்டிஷனில் எக்ஸ்ட்4 வழக்கப்படி 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கியிருக்கும். 40 ஜிபியில் அது 2 ஜிபி. வெறும் ஹோமுக்கு அந்த ஒதுக்கீடு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் கட்டளையால் பூச்சியமாக்கி அந்த 2 ஜிபியையும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம்: விண்டோஸுக்கு இடம் வேண்டுமென்றால்

உபுண்டு பார்ட்டிஷன் சி ட்ரைவுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அதன் வாலைக் குறைத்தால் காலி இடம் வலப்பக்கம் போகும், சி ட்ரைவைத் தொடாது. சி ட்ரைவின் வாலை ஒட்டியிருக்கும் காலி இடத்துக்குள் மட்டுமே விண்டோஸ் அதை எக்ஸ்டெண்ட் செய்யும் என்பதால் அந்த விருப்பம் மங்கலாகவே கிடக்கும். இங்கேயும் தலையை அசைக்காத வழி இருக்கிறது. கிடைத்த இடத்தில் டி ட்ரைவ் ஒன்றை உருவாக்கி, டவுன்லோட்ஸ், டொக்கியுமென்ட்ஸ், வீடியோஸ் கோப்புறைகளின் புரொப்பர்டீஸில் லொகேஷன் தாவலுக்குப் போய் அவற்றை அங்கே மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்ட்4ஐக் குறைக்க லைவ் பென் ட்ரைவ் கட்டாயம், மவுண்ட் ஆன நிலையில் அது குறையாது. கூட்டுவதை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். எக்ஸ்ட்4க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தால் குறைக்கும் எண்ணத்தையே கைவிட வேண்டும். குறைத்த பிறகும் உள்ளே 15 சதவீதமாவது காலியாக இருக்குமாறு அளவைத் தெரிவு செய்யுங்கள். லைவ் சூழல், ரேம் போதாதபோது பயன்படும் பழைய ஸ்வாப் பார்ட்டிஷனைத் தானாகவே பிடித்து வைத்திருக்கலாம். அதன் அருகே பூட்டுச்சாவி அடையாளம் இருந்தால் ஸ்வாப்ஓஃப் கொடுங்கள். உபுண்டு 17.04இலிருந்து புதிய இன்ஸ்டோல்களில் ஸ்வாப் கோப்பாகவே வருவதால் தனி ஸ்வாப் பார்ட்டிஷன் தேவையில்லை. அழித்தால் எஃப்எஸ்டேப்பில் அதன் வரியையும் எடுத்துவிடுங்கள்.

ரிக்கவரி பார்ட்டிஷன் வழியில் நிற்கிறதென்று அதை அப்படியே அழிக்காதீர்கள். முதலில் ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலை டிஸேபிள் செய்தால் அதன் கோப்பு சி ட்ரைவுக்குள் திரும்பிவிடும், பிறகு பார்ட்டிஷனை அழித்து வேறிடத்தில் உருவாக்கலாம். உருவாக்கும்போது தாராளமாக 1 ஜிபி கொடுங்கள். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட், ரிக்கவரியில் இடம் போதாமல் பல விண்டோஸ் 10 கணினிகளில் தோல்வியடைந்தது. அப்போது மைக்ரோசொஃப்டே அதை 250 எம்பி பெருப்பிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அசைக்க வேண்டாம். இரண்டு இயங்குதளங்களின் பூட் கோப்புகளும் அந்த 100 எம்பிக்குள்தான் இருக்கின்றன.

கிளம்பாவிட்டால்

அளவை மாற்றுவதால் பார்ட்டிஷனின் யூயூஐடி மாறாது. அதனால் புதிய யூஈஎஃப்ஐ முறைக் கணினிகளில், எந்த இயங்குதளத்தைக் கிளப்புவது என்று கேட்கும் க்ரப் பெரும்பாலும் தடுமாறாது. அழித்து மீண்டும் உருவாக்கினால்தான் யூயூஐடி மாறும். பழைய பயோஸ், எம்பிஆர் கணினிகளில் லொஜிக்கல் (பிரைமரி அல்லாத) பார்ட்டிஷன்களின் எண்கள் 5இலிருந்து தொடங்கும். 5ஐ அழித்தால் 6 தானாக 5 ஆகிவிடும். க்ரப் பழைய எண்ணைத் தேடி, அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று சொல்லி ரெஸ்க்யூ திரையில் நிற்கும். அங்கே எல்எஸ் கட்டளையால் பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டு, பூட் கோப்புறை இருக்கும் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, பிரிஃபிக்ஸை அதற்கு மாற்றி, நோர்மல் மொடியூலை ஏற்றினால் வழக்கமான மெனு வரும். உள்ளே போனதும் க்ரப்பை மறுபடி இன்ஸ்டோல் செய்தால் நிரந்தரமாகத் தீரும். மெனுவே வராமல் நேராக விண்டோஸ் எழுந்தால், பயோஸில் பூட் வரிசையில் உபுண்டுவை முதலாவதாக்கிப் பாருங்கள்.

என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸ் பக்கமிருந்து குறைத்திருந்தால், முதலில் விண்டோஸையே கிளப்புங்கள். அது டிஸ்க்கைச் சரிபார்க்கக் கேட்கும், முடியும்வரை விட்டுவிடுங்கள். சரிபார்ப்பு முடிந்து இன்னொரு முறை விண்டோஸ் ஒழுங்காக எழுந்த பிறகு உபுண்டுவுக்குப் போகலாம்.

ஒரு பார்ட்டிஷனே காணாமல் போனால், அதில் எதையும் எழுதாதிருப்பதுதான் முதல் சிகிச்சை. விண்டோஸ் அந்த இடத்தைக் காட்டி ஃபோர்மட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். இரண்டுக்கும் கேன்சல். லைவ் பென் ட்ரைவிலிருந்து டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினால் அது டிஸ்க்கைத் தேடி, பழைய பார்ட்டிஷனின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். எழுதச் சொல்வதற்கு முன் பி எழுத்தை அழுத்தி உள்ளே உங்கள் கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் முதலில் அவற்றை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள், அதன் பிறகு அட்டவணையை எழுதுங்கள். முன்பு எடுத்து வைத்த எஸ்எஃப்டிஸ்க் கோப்பு கையில் இருந்தால் அதிலுள்ள எண்களையும் டெஸ்ட்டிஸ்க் காட்டும் எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தயங்காமல் எழுதலாம். வேறுபட்டால், முந்தைய அளவு மாற்றத்தின் பழைய தடயத்தை அது பிடித்திருக்கலாம், அந்த வரியை விட்டு அடுத்ததைப் பாருங்கள்.